மணிக்கட்டில் ஒரு முடிச்சு

‘சாவதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.’ ஆம், இல்லை. இதில் எதை வட்டமிடுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. மனோதத்துவம் படித்தபோது இந்த வினாத்தாளோடு பலரிடம் போயிருக்கிறேன். முதலில் போனது, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்த அத்தையிடம்.

அப்பாவின் அக்கா அவர். காலை நடவு முடித்து வந்து, காலில் ஒட்டிய சேற்றைக் கழுவிக்கொண்டே, நான் வாசித்த ஒவ்வொரு வரிக்கும் சிரித்தார். “சாவுக்கு மார்க்கு போடத்தான் என் தம்பி உன்னைக் காலேஜுக்கு அனுப்புறானா? செத்தா தூக்கிட்டுப் போறாங்க. இல்லைன்னு போட்டுக்கடி.” கடைசி வரைக்கும் இல்லைதான். மரண பயம் மிகக் குறைவு என்று கணக்கு வந்தது. “தைரியமானவங்க” என்றார் பேராசிரியர்.

ஆனால் வினாத்தாளை நிரப்பிய அன்று மத்தியானம் அத்தை பக்கத்தில் படுத்துக் கண்ணயர்ந்த நான் விழித்தபோது, அவருடைய முந்தானை நுனி என் மணிக்கட்டில் கட்டியிருந்தது. கேட்டதும்தான் சொன்னார். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட வருஷம் அது. கழக ஆட்சி வந்துவிட்டது, இனி மிராசுதார் ஆட்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பியிருந்தார்களாம். ஒரு நாள் அந்தி நேரத்தில் வந்துவிட்டார்கள். அத்தை தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வயலுக்குள் ஓடினார். வரப்பு வழுக்கியதில் பிடி விட்டுப்போயிற்று. மறுநாள் குழந்தை வாய்க்காலில் கிடந்தாள். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பெண்கள், பிள்ளைகளை முந்தானையில் கட்டிக்கொண்டுதான் தூங்கினார்களாம்.

“பயமா அத்தை?”

“பயமெல்லாம் இல்லடி. பழக்கம். நீ படு.”

என் வினாத்தாளில் இருந்த அத்தனை கேள்வியும் அவரவர் சாவைப் பற்றியது. இன்னொருவர் சாவைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. எனக்குப் பெண் பிறந்த பிறகுதான் இது உறைத்தது.

அத்தை இப்போது இல்லை. நாங்கள் தஞ்சாவூரில், கம்பிக் கதவு போட்ட வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்களை யாரும் துரத்தவில்லை. இருந்தும் மகளை என் முந்தானையில் கட்டாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. இது வேண்டாம் என்று போன வாரம் கட்டாமல் படுத்தேன். நான்கு வயதுப் பெண், தானே நுனியைத் தேடி எடுத்துக் கையை நீட்டினாள். “கட்டும்மா. யாராச்சும் வந்துட்டா?” அத்தையின் கதையை நான் அவளிடம் சொன்னதே இல்லை.

இதை எழுதும்போதும் அவள் என்னோடு கட்டுண்டுதான் தூங்குகிறாள். முடிச்சு இளகித்தான் இருக்கிறது, அவிழ்ப்பது சிரமமில்லை. அவிழ்த்தால் அவள் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.