யமினா அக்கா கேட்ட தண்ணீர்

யமினா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் நாதியா தொலைபேசியில் சொன்னபோது, பிராங்பேர்ட் எஸ்-பான் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவில்லை. சலவை ஆலையில் அவரோடு வேலை செய்த நம்மவர்கள் பலருக்கு இன்னும் தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அவரை 'அரபு அக்கா' என்றுதான் சொல்வோம். மொரோக்கோக்காரி என்றால் அரபுதானே என்ற நினைப்பு. ஹோட்டல் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் ஒரு முனை, நான் மறுமுனை. கதை எல்லாம் உடைந்த ஜெர்மனில்தான். ஒருநாள் சொன்னார்: "நான் அரபியில்லை, தங்கச்சி. எங்கட வீட்டு மொழி வேற, மலைச்சனத்தின்ர மொழி. சந்தையில அரபு. பள்ளிக்கூடத்தில வேறமாதிரி அரபு. அரசாங்கக் கந்தோருக்குப் போனா பிரெஞ்சு. அப்பாவுக்குக் கோபம் வந்தா ஸ்பானிஷ். ஸ்பெயின்காரரும் எங்களை ஆண்டவங்கள்."

"இவ்வளவும் எப்பிடிப் படிச்சனீங்கள்?"

"எல்லாத்துக்கும் அடி வாங்கினன். வீட்டு மொழி கதைச்சதுக்குத்தான் கூட அடி" என்று சிரித்தார்.

'தங்கச்சி' எங்களிடமிருந்து அவர் பழகிக்கொண்ட தமிழ்ச் சொல். முடியாது என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஏலாது' இன்னொன்று. மேற்பார்வையாளர் கூடுதல் வேலை கொண்டுவந்தால், மரியாதையாக அவர் முகத்தைப் பார்த்து "ஏலாது" என்பார். அந்த மனிதர் விளங்காமல் தலையாட்டுவார். நாங்கள் விரிப்புக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்வோம்.

பதிலுக்கு அவர் தன் வீட்டு மொழியில் எனக்குச் சில சொல் தந்தார். தண்ணீருக்கு அமான். ரொட்டிக்கு அக்ரூம். "மகளுக்கும் சொல்லிக் குடுத்தனீங்களோ?" என்று கேட்டேன். விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டு நின்றார். "அவள் படிச்சவள். அவளுக்கு முன்னால அந்த மொழியைக் கதைக்க எனக்கு வெக்கம். உனக்கு முன்னால வெக்கமில்லை."

அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது.

போன மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெர்மன், பிரெஞ்சு, அரபு எல்லாம் போய், வீட்டு மொழி மட்டும் மிஞ்சியிருந்தது. "அமான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாதியா கைபேசியில் அரபுச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தாள். "தண்ணி கேக்கிறா" என்றேன். தாதி பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார். நாதியா என்னைப் பார்த்தாள். அவளுடைய நகையைப் போட்டுக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே நிற்பது போல எனக்கு உடம்பு கூசியது.

பிறகு அக்கா மகளின் கையைப் பிடித்து நீளமாக ஏதோ சொன்னார். நாதியா ஜெர்மனில் என்னிடம் கேட்டாள்: "அம்மா என்ன சொல்றா?"

"தெரியேல்லைப் பிள்ளை."

தண்ணீரும் ரொட்டியும் மட்டும் பழகியவளுக்கு அது எப்படி விளங்கும்? அந்த மொழி தெரிந்த, மொரோக்கோவிலிருக்கும் அக்காவின் தம்பிக்கு விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உடலைத்தான் ஊருக்கு அனுப்பினார்கள்.

போன ஞாயிறு நாதியா என் வீட்டுக்கு வந்தாள். தேநீரைத் தொடவில்லை. "அம்மா உங்களுக்குத் தந்த சொல்லுகளை எனக்குச் சொல்லித் தாங்கோ, அன்ரி" என்றாள். அக்காவுடையது என்று என்னிடம் இருப்பவை அந்தச் சில சொற்கள்தான். தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் யாழ்ப்பாண நாக்கில் எப்படி வந்ததோ அப்படியே அவளும் திருப்பிச் சொன்னாள். திருத்திவிட அங்கே யாரும் இல்லை.