நாலாவது சில்லின் பூட்டு நட்

என் மருமகள் றுஸ்னாவை யட்டவத்தையில் எல்லோரும் "டயர் றுஸ்னா" என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். ஆறு வருஷத்துக்கு முன்பு என் மகன் றிஷாத்துக்குத் தோள்பட்டை விலகி, பாரம் தூக்க முடியாமல் போன கிழமையே அவனுடைய ஸ்பேனரை அவள் கையில் எடுத்தாள். பொம்பளைக்கு இது வேண்டாம் என்று நான் மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்தேன். நாலாம் நாள் அவளே பஞ்சர் போட்டுவிட்டு வந்து, அவளே சமைத்து, "மாமி, எழும்புங்க, கறி ஆறுது" என்றாள். எழும்பித் தின்றேன். கறி நல்லாத்தான் இருந்தது.

கடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நாலு தகரம் போட்ட கொட்டில். காற்றடிக்கிற மெஷின், வண்டியைத் தூக்கி நிறுத்துகிற ஒரு ஜெக், ஒரு பெட்டி சாமான். அதையும் ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள், மாதம் முடியக் கழற்ற வேண்டும் என்று கடிதம் வந்தது. எனக்கு வாசிக்கத் தெரியாது. றுஸ்னா வாசித்தாள். வாசித்துவிட்டு அதை நாலாக மடித்து அரிசி டின்னுக்குக் கீழே வைத்தாள்.

ரவூப் ஹாஜியாரின் பெற்றோல் செட்டில், முன்பு வாகனம் கழுவிய இடம் கூரையோடு சும்மா கிடந்தது. அதைக் கேட்டு இரண்டு தடவை போனாள். "யோசிப்பம்" என்றார் மனுஷன். மாத்தளையிலிருந்து ஒருவனும் அதே இடத்தைக் கேட்டிருந்தான். அது கிடைக்காவிட்டால் இவளுக்குத் தொழில் வைக்க ஊரில் வேறு இடமே இல்லை.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, ஹாஜியாரின் டிரைவர் அகீல் காலையிலேயே மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். பேரப்பிள்ளை கண்ட மனுஷன், ஆனாலும் வாய் சும்மா இருக்காது.

"பாஸம்மா, ஹாஜியார்ட காரு ஒரு காலு நொண்டி நிக்குது. வைத்தியம் பாக்க வாங்க."

"நானும் வாரேன்" என்றேன். அந்த இடத்தை நானும் ஒரு தடவை பார்க்க வேண்டாமா? சாமான் பெட்டியோடு ஒரு ஆட்டோ பிடித்துப் பெற்றோல் செட்டுக்குப் போனோம். அந்தக் கூரைக்குக் கீழேதான் கார் நின்றது.

கார் இரண்டாம் கையாக வாங்கியது. ஒவ்வொரு சில்லிலும் ஐந்து நட். நாலு சாதாரணம், ஒன்று பூட்டு நட். கள்ளன் சில்லைக் கழற்றாமல் இருக்க அந்த ஒன்றை மட்டும் ஸ்பேனர் பிடிக்காத மாதிரி உருட்டையாகச் செய்து, முகத்தில் பூப்போல ஒரு வெட்டு வைத்திருக்கிறார்கள். அந்த வெட்டுக்குப் பொருந்துகிற சாவி இருந்தால்தான் திரும்பும். சாவியைக் காரை விற்றவன் கொடுக்கவில்லை. அதனால் நாலு சில்லிலும் உள்ள பூட்டு நட்டைக் கழற்றித் தள்ளிவிட வேண்டும் என்றார் ஹாஜியார். ஏற்கெனவே ஒரு கராஜில் ஒரு சில்லில் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, வேலை முடியாமலே அனுப்பியிருக்கிறார்கள்.

நாங்கள் போகும்போது பஞ்சரான சில்லு ஜெக்கில் தொங்கியது. அகீல் நாலு சாதாரண நட்டையும் கழற்றி வரிசையாக வைத்திருந்தான்.

"ஒங்களுக்கு வேலையக் கொறைச்சி வெச்சிருக்கேன்" என்றான்.

றுஸ்னா குனிந்து பார்த்தாள். "காரை எறக்குங்க அகீல் நானா. நாலையும் திருப்பிப் பூட்டுங்க."

"என்னது?"

"பூட்டுங்க. நல்லா இறுக்கி."

ஹாஜியார் நாற்காலியிலிருந்து எழும்பினார். "கழட்டத்தானே புள்ள கூப்பிட்டது?"

"மத்த நாலையும் கழட்டினா சில்லுட இழுவை முழுக்க இந்த ஒண்டுலதான் ஹாஜியார். அது இன்னும் கடிச்சிப் புடிக்கும். நாலும் இறுகினா இதுக்கு நெருக்கம் கொறையும்."

அகீல் சிரித்துக்கொண்டே பூட்டினான். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். வெளியே காட்டவில்லை.

நட்டில் தொப்பிபோல மாட்டித் திருப்புகிற சொக்கட்டில், இந்த நட்டைவிடக் கொஞ்சம் சின்னதான பழைய ஒன்றை அவள் பெட்டியில் தேடி எடுத்தாள். ரிம்மில் கீறல் விழாமல் அதன் வெளிப்புறத்துக்கு டேப் சுற்றினாள். நட்டின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தாள். நேராக, அவசரமில்லாமல் அடித்து இறுக்கி ஏற்றினாள். பிறகு நீளக் கம்பி, அதற்கு மேல் இரும்புக் குழாய். குழாயின் நுனியில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினாள். "டக்" என்று ஒரு சத்தம். நட் திரும்பியது.

"மாஷா அல்லாஹ்" என்றேன், ஹாஜியாருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்க.

சொக்கட்டுக்குள் மாட்டிய நட்டைப் பின்பக்கமாகக் கம்பி விட்டுத் தட்டி வெளியே எடுத்தாள். அந்தச் சில்லைக் கழற்றிப் பஞ்சர் போட்டுத் திருப்பி மாட்டினாள். இரண்டாவது சில்லும் அப்படியே வந்தது. மூன்றாவதும் வந்தது. அகீலின் சிரிப்பு நின்றுவிட்டது. அவனே ஓடி ஓடிக் குழாயை எடுத்துக் கொடுத்தான்.

நாலாவதில்தான் அந்தக் கராஜ்காரன் கை வைத்திருந்தான். முகம் நசுங்கி, சுற்றிலும் துரு. சொக்கட் ஏறியது. குழாயை அழுத்தினாள். பாதியில் கையை எடுத்துவிட்டாள்.

"என்ன மகள்? அழுத்து" என்றேன்.

"இல்ல மாமி. நட்டு அசையல்ல, உள்ளுக்க போல்ட்தான் முறுகுது. கைக்குத் தெரியுது. இன்னும் அழுத்தினா முறிஞ்சி போகும்."

"மூணு வந்திச்சே, இது வராதா? அழுத்து!"

"நான் அழுத்த மாட்டேன்."

அழுத்தியிருந்தால் வந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவள் சொக்கட்டைத் தட்டி எடுத்து, நட்டைச் சுற்றி எண்ணெய் விட்டு, துணியால் கையைத் துடைத்தாள். ஹாஜியாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. போச்சு, இடம் மாத்தளைக்காரனுக்குத்தான் என்று நினைத்தேன்.

"பஞ்சர் போட்டுட்டேன். நீங்க ஓடலாம் ஹாஜியார். இது எண்ணெய்ல ஊறட்டும். நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு வருமா?"

"தெரியாது. வராட்டி நாளண்டைக்கு."

ஹாஜியார் நசுங்கிய நட்டைக் குனிந்து பார்த்தார். "கராஜ்ல அவன் தெரியாதுண்டு சொல்லல்ல. அடிச்சிக்கிட்டே இருந்தான்" என்றார், தனக்குத்தானே பேசுவதுபோல. பிறகு, "காரை ஒன்ட கொட்டிலுக்குக் கொண்டாற ஏலாது புள்ள, அங்க திருப்ப இடமில்ல. இங்கயே விடுறேன். நீ சாமானத் தூக்கிட்டு வா" என்றார்.

"ஒரு நாளைக்கா, எல்லா நாளைக்குமா?" என்று நான் கேட்டேன். றுஸ்னா என் முழங்கையைக் கிள்ளினாள். கிள்ளட்டும். "வாயத் தொறந்து சொல்லுங்க ஹாஜியார். புள்ள மெஷினைத் தூக்கிட்டு ரெண்டு தரம் அலையுமா?"

அவர் சிரித்துவிட்டார். "எல்லா நாளைக்கும்தான் உம்மா. போதுமா?"

மறுநாள் காலையில் மெஷினையும் ஜெக்கையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். அந்த நட் அன்றைக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் அசர் தொழுகைக்குப் பிறகுதான் வந்தது. அதுவரை அந்தக் கார் அங்கேயே நின்றது. என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நாலு பேர், வந்த இடத்தில் தங்கள் டயருக்கும் காற்றடித்துக்கொண்டு போனார்கள்.