அளவுத் தண்ணீர்

என் பிறந்த வீடு கோயம்புத்தூரின் மேற்குப் பக்கம். அங்கே குழாயைத் திறந்தால் இனிப்பான சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வரும். பிறந்ததிலிருந்து குடித்த வாய்க்கு அதன் அருமை தெரியவில்லை. கல்யாணமாகிச் சில வருடம் கழித்து, சூலூரைத் தாண்டி ஒரு மனை வாங்கி வீடு கட்டினோம். அப்போதுதான் தெரிந்தது.

போர் போட்டு முதல் தண்ணீர் பீறிட்ட அன்று என் கணவர் சட்டையோடு நனைந்துகொண்டு நின்றார். உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்தவரின் முகம் சுருங்கியது. நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார்.

“உப்புத்தான் அம்மணி. இருந்தாலும் தண்ணி வந்திருச்சில்ல? பக்கத்துக் காட்டுக்காரரு போர் போட்டப்பப் புழுதிதான் வந்துதாமா.”

குடிக்கிற தண்ணீர் ஊராட்சிக் குழாயில் எப்போதாவது வரும். வந்த அன்று வேலைக்கு லீவு போட்டுக்கூடப் பிடித்திருக்கிறோம். மற்றதெல்லாம் உப்புத் தண்ணீர்தான். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டும். துவரம் பருப்பு குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் விதை விதையாக நிற்கும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக உடம்பில் ஒட்டும். வயசுக்கு வந்த மகள் சீப்பில் வருகிற முடியைப் பார்த்து அழுவாள். ஆர்.ஓ. மெஷின் வாங்கி மாட்டினோம். அதுவும் அடிக்கடி அடைத்துக்கொண்டது. பழுது பார்க்க வந்தவர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டிவிட்டு, “இந்தத் தண்ணிக்கு எந்த மெஷினுங்கக்கா தாங்கும்?” என்று என்னையே கேட்டார்.

என் கணவர் தனியார் டவுன் பஸ் ஓட்டினார். காந்திபுரத்துக்கும் சூலூருக்கும் நாள் முழுக்க நடை. இன்ஜின் சூட்டில் உட்கார்ந்திருப்பவர் தண்ணீரே குடிக்க மாட்டார். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும், நடுவழியில் பஸ்ஸை நிறுத்த முடியாது. வீட்டுக்கு வந்தாலும் அந்த உப்பு ருசிக்கு அரை டம்ளரோடு வைத்துவிடுவார். இடுப்பில் வலி வந்தபோது கிட்னியில் கல் என்றார்கள். வாழைத்தண்டு அரைத்துக் கொடுத்தேன். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வண்டி எடுத்தார். அப்படியே வருடங்கள் ஓடின. ஒரு நாள் கால் இரண்டும் வீங்கிப்போய், செருப்பு நுழையாமல் வாசலில் நின்றார்.

இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார் டாக்டர். நான் முதலில் கேட்டது, “எங்கூட்டுத் தண்ணிதான் காரணமுங்களா?”

“தண்ணிய மட்டும் சொல்ல முடியாதும்மா. பிரஷர் இருந்திருக்கு, பாக்காம விட்டிருக்கீங்க. வலி மாத்திரை வேற. அந்தத் தெருவுல எல்லாருக்குமா இப்படி ஆச்சு?”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எனக்குக் கோபித்துக்கொள்ள ஒரு ஆள் கிடைக்காமல் போனது. போய் யாரைக் கேட்பேன்? பூமிக்குள் இருக்கிற பாறையையா?

டயாலிசிஸ் தொடங்கிய பிறகு தண்ணீருக்கு அளவு வைத்தார்கள். ஒரு சின்ன பாட்டில், அதுதான் ஒரு நாளைக்கு. காப்பி, ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். அத்தனை காலம் ‘குடிங்க, குடிங்க’ என்று கெஞ்சிய நான், இப்போது டம்ளரைப் பிடுங்குகிறவளாக ஆனேன். அவருக்கோ தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். வாய் கொப்பளித்துத் துப்புவார். ஐஸ் துண்டை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

“குடிக்கறதே இத்துனூண்டு,” என்றார் ஒருநாள். “அதாவது நல்ல தண்ணியா இருக்கட்டுமே புள்ளே.”

அதிலிருந்து, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளெல்லாம் என் அண்ணன் பிறந்த வீட்டிலிருந்து சிறுவாணித் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். பஸ்ஸில் மடியில் வைத்து அதை ஊருக்குக் கொண்டுவருவேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பிரசாதம் என்று நினைத்திருப்பார்கள், அப்படிப் பிடித்திருப்பேன்.

ஒரு வெயில் காலத்தில் டயாலிசிஸ் முடிய நேரமாகிவிட்டதால் அண்ணன் வீட்டில் தங்கினோம். காலையில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அண்ணி குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். என் கணவர் மெல்ல நடந்து போய்க் குழாயடியில் நின்றார். அண்ணி என்னைப் பார்த்தார். குடிக்கக் கேட்டால் நான் என்ன சொல்வது?

“குடிக்க மாட்டேன், பயப்படாத,” என்றார். “இதுல தலைக்கு ஊத்திக்கட்டுமா?”

அண்ணன் உடனே பெரிய அண்டாவை இழுத்துப் போட்டார். “ஏனுங்க மாப்பிள்ளை, இதக் கேக்கோணுமா? வேணுங்கறத ஊத்துங்க.”

ஊசி குத்திய கையில் பாலித்தீன் கவர் சுற்றிக் கட்டி, அவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன். எங்கள் வீட்டுப் பழக்கத்தில் சோப்பை அழுத்தித் தேய்த்துவிட்டேன். நுரை பொங்கிக்கொண்டு வந்தது. முதுகு, கழுத்து, காது மடல் எல்லாம் நுரை. எத்தனை சொம்பு ஊற்றினாலும் வழுவழுப்புப் போகவில்லை. “ஏ, போதும் புள்ளே, நான் வழுக்கியே உழுந்துருவனாட்ட இருக்குது!” என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது! அண்ணியும் சிரித்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அழுதேன். எலும்பெல்லாம் தெரிந்தது. இந்த மனிதரை இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு வெளிச்சத்தில் நான் பார்த்தே மாதங்கள் ஆகியிருந்தன.

துவட்டிவிடும்போது, “தோலு பட்டாட்டம் ஆயிருச்சு பாரு,” என்று தன் கையை நீட்டித் தொடச் சொன்னார்.

மழைக் காலத்தில் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. இந்த முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தவரை வீட்டுக்கு அழைத்து வரவில்லை. டயாலிசிஸ் மெஷினில் போட்டால் பிரஷர் தாங்கவில்லை, பாதியிலேயே நிறுத்தினார்கள். மகளும் மருமகனும் வந்து சேர்ந்திருந்தார்கள். சாயந்திரம் டாக்டர் வந்து பார்த்தார். சீட்டில் ஒன்றும் எழுதாமல் என்னிடம் திரும்பினார்.

“அவர் தண்ணி கேட்டா குடுங்கம்மா.”

“எவ்வளவுங்க?”

“எவ்வளவு கேக்கறாரோ, அவ்வளவு.”

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அளவு போய்விட்டது என்று. பிறகுதான் புரிந்தது.

அண்ணன் கொண்டுவந்த தண்ணீரை டம்ளர் நிறைய ஊற்றி, அவர் தலையைத் தூக்கிப் பிடித்தேன். டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டி ஓட்டியவருக்குக் குறிப்புகள் சீக்கிரம் புரியும்.

“டாக்டர் சொல்லிட்டாரா?”

“ஆமாங்க. குடிங்க.”

இரண்டு மிடறு விழுங்கினார். மூன்றாவதுக்கு உதட்டை மூடிக்கொண்டார். “போதும் கண்ணு,” என்றார். என்னைக் கண்ணு என்று அவர் கூப்பிட்டதே இல்லை. அது மகளைக் கூப்பிடுகிற வார்த்தை. என்னைத்தான் சொன்னாரா, எனக்குப் பின்னால் நின்றவளையா என்று இன்றுவரை தெரியாது. நானும் மகளும் அதை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை. விடிவதற்குள் போய்விட்டார்.

இந்தக் கோடையில் எங்கள் வீதிக்குப் புதுக் குழாய் போட்டார்கள். முதல் நாள் தண்ணீர் திறந்தபோது எதிர் வீட்டுப் பெண் ஓடி வந்து, “அக்கா, நல்ல தண்ணி வருதுங்க, வாங்க!” என்று கையைப் பிடித்து இழுத்தாள். பெண்களெல்லாம் குடத்தோடு நின்றார்கள். சின்னவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இறைத்துக்கொண்டார்கள். நானும் ஒரு குடம் பிடித்து வந்தேன். ஒற்றை ஆளுக்கு அது நாலு நாள் வரும். மகள் தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள், பார்க்கலாம் என்றிருக்கிறேன். அன்று மத்தியானம் சொம்பில் மொண்டு குடிக்க உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.