புழுவை அளக்கும் ஸ்கேல்

ஜன்னல் வலையின் நான்கு மூலைகளையும் விரலால் தடவி, எங்கும் கிழிசல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் கையுறை மாட்டுவார். ஒரே ஒரு ஈ உள்ளே இருந்தாலும் போச்சு. நோயாளி காத்திருக்க வேண்டியதுதான். "அது வெளிய போகட்டும், அப்புறம் நாம பேசுவோம்" என்பார்.

ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசி அறை அவருடையது. புண்ணைக் கழுவிக் கட்டுவதில் இருபத்தாறு வருடங்கள் போயிருக்கின்றன. பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் கட்டு அண்ணன். புழு வைத்த புண் என்றால் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரடி பின்னால் போவார்கள். இவர் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஓரடி முன்னால் குனிவார். அந்த அறையில் யாரும் 'சீ' என்று சொல்லக் கூடாது. சொன்னவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் வெளியேதான்.

"அதுக்கு மூச்சு வாலுலதாம்மா. தலையைச் சதைக்குள்ள புதைச்சுக்கிட்டுப் பின்பக்கத்தை வெளிய நீட்டி வெச்சிருக்கும்" என்று கதை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே, டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணியைப் புண்ணுக்குள் திணிப்பார். பத்து நிமிடம். மூச்சு முட்டி ஒவ்வொன்றாக மேலே வரும்போது இடுக்கியால் பிடிப்பார். இழுக்க மாட்டார். அறுந்தால் பாதி உள்ளே தங்கிவிடும். "தானா கிளம்புற விருந்தாளியை ஏன் கழுத்தைப் பிடிச்சுத் தள்ளணும்?"

வேலை முடிந்து போகும்போதும் சும்மா இருப்பதில்லை. வாசலில் காது சொறிந்து நிற்கும் நாயைக் கண்டால் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அதன் வாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காதுக்குள் எட்டிப் பார்ப்பார். வீட்டில் சாப்பிடும்போது ஈ வந்தால் சோற்றை விட்டுவிட்டு அது பச்சையா நீலமா என்று பின்னாலேயே போவார். "வீட்டுக்கு வர்ற ஈயை விசாரிக்கிற அளவுக்கு இந்த மனுஷன் என்னை விசாரிச்சதில்ல" என்பாள் மனைவி.

அவருடைய பெருமையெல்லாம் சட்டைப்பையில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல்தான். மகள் பள்ளியில் படித்தபோது வாங்கியது. எடுத்த புழுக்களில் பெரியதை அதன்மேல் கிடத்தி, ஈ முட்டையிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவார். டாக்டர்கள்கூட வந்து கேட்பார்கள். கேட்டு, இவர் சொல்லாமல் விட்டதில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் ஓர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சர்க்கரை வியாதி. காலில் உணர்ச்சியே இல்லை. குதிகாலில் குழிப்புண், உள்ளே நெளிவது தெரிந்தது. கூடவே மகனும் மூத்த மகளும். ஞாயிற்றுக்கிழமை வரை அம்மா மகள் வீட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு மகன் வீட்டில்.

"எத்தனை நாள் புழுன்னு நீங்க சொல்லிடுவீங்களாமே" என்றான் மகன். "சொல்லுங்கண்ணே. அக்கா வீட்டுல வெச்சதுன்னா, இனிமே அம்மாவை அந்தப் பக்கமே அனுப்ப மாட்டேன்."

"அளக்கட்டும்டா. நான் தினமும் கட்டு மாத்தினேன்" என்றாள் அக்கா.

"எனக்கு மக வீடுதான் வேணும்" என்று அம்மா சுவரைப் பார்த்தபடி சொன்னாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

டர்பன்டைன் துணியைத் திணித்து, பத்து நிமிடம் கழித்து வெளியே எடுத்தார். ஒவ்வொன்றாக வந்தன. இருபத்து மூன்றாவது வெளியே வந்தபோது அவர் கை ஒரு நொடி நின்றது. கொழுத்து, நீண்டு, வெண்ணெய் நிறத்தில் இருந்தது. ஸ்கேல் தேவையே இல்லை. ஐந்து நாளுக்குக் குறையாது. வெள்ளிக்கிழமை. அக்கா வீடு.

நிமிர்ந்து பார்த்தார். மகன் அவர் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா தன் முந்தானையால் அம்மாவின் மரத்துப்போன விரல்களுக்கு நடுவே ஈரத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள். சின்ன விரலிடுக்கைக்கூட விடவில்லை. மூக்கைப் பொத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. இத்தனை வருடத்தில் அப்படித் துடைத்தவர்கள் எத்தனை பேர்?

இடுக்கியில் இருந்ததை மருந்து வாளிக்குள் போட்டார்.

"என்னண்ணே, அளக்கலையா?"

"அளக்கணும் தம்பி. விளக்கைக் கொஞ்சம் பக்கத்துல பிடி."

ஸ்கேலை எடுத்தார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். புண்ணின் ஓரத்தில் வைத்து நீளம் பார்த்தார், திருப்பி அகலம் பார்த்தார். "நாலுக்கு மூணு. அடுத்த புதன்கிழமை இது குறைஞ்சிருக்கணும். அதான் எனக்குத் தெரிய வேண்டிய கணக்கு."

"அப்ப புழு எத்தனை நாளு?"

"ஈ உக்காந்து எந்திரிக்க ஒரு நிமிஷம் போதும் தம்பி. அந்த ஒரு நிமிஷம் எந்த வீட்டுலயும் வரும். உங்க வீட்டு ஜன்னலுக்கு வலை இருக்கா?"

மகன் விளக்கை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தான்.

கட்டு போட்டு முடித்ததும் கட்டு அண்ணன் ஸ்கேலை இன்னொரு முறை துடைத்தார். சட்டைப்பை வரை போன கை அங்கே நின்றது. பிறகு நீண்டு, அதை அக்காவின் ஈர உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடியது. "புண்ணு குறையுதான்னு இனிமே நீயே அளந்து பாரும்மா."