மொட்டை மாடியில் ஒரு வாளி

என் அண்ணன் ஊட்டியில் இருக்கிறான். நுரையீரல் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர்கள் கையை விரித்த பிறகு, தான் மீன் பிடிக்கும் தூண்டிலை, அந்த ஃப்ளை ராடை, எனக்குக் கூரியரில் அனுப்பினான். "ஒரே ஒரு தடவை என்னோட ஆத்துல வந்து நில்லுடா" என்றான். அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். நான்தான், "வீசப் பழகிட்டு வரேன்" என்றேன். அறுபதை நெருங்கியும் அவன் முன்னால் அசிங்கப்படக் கூடாது என்ற வீம்பு.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அப்பார்ட்மென்ட் மொட்டை மாடிதான் எனக்கு ஆறு. லைன் என்கிற தடித்த தூண்டில் நூலின் நுனியில் முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல், முப்பதடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் வாளி. இந்தத் தூண்டிலில் ஈயக் குண்டு கிடையாது. லைனின் கனமேதான் நுனியைக் கொண்டுபோக வேண்டும். அதனால் பின்னால் வீசி, லைன் முழுதாக நீளும்வரை பொறுத்து, பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும். எனக்கோ இருபது வருட ஷட்டில் பழக்கம், மணிக்கட்டு தானாகச் சுண்டிவிடும். ராடின் அடியைத் துண்டால் முன்கையோடு சேர்த்துக் கட்டினேன். அப்போது தோள் அவசரப்பட்டது. லைன் என் காதிலேயே வந்து விழுந்தது.

"சார், ஸ்வல்ப பாத்து வீசுங்க. மீன் இல்ல, என் புடவைதான் மாட்டும்" என்பார் துணி காயப்போட வரும் மூன்றாவது மாடிக் கன்னட அம்மா.

வீடியோ எடுத்து அண்ணனுக்கு அனுப்புவேன். "பின்னால நிக்கவே மாட்டேங்குற. எதுக்குடா பறக்குற?" என்று மூச்சு வாங்கச் சொல்வான். வாரா வாரம் அவன் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. நானும் வாரா வாரம், "அடுத்த வாரம் வரேன்" என்றேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போன ஞாயிறு காலை லைன் டிஷ் ஆன்டெனாவைச் சுற்றிக்கொண்டது. ஆத்திரத்தில் இழுத்தேன், ராடின் நுனி ஒடிந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணி போன் செய்தார்.

"இனிமே வீடியோ அனுப்பாதீங்க தம்பி. கண்ணே தொறக்கல. சொன்னா மட்டும் காதுல விழுது. என்ன சொல்லட்டும்?"

ஒடிந்த துண்டு என் கையில் இருந்தது. "வாளிக்குள்ளயே விழுந்துச்சுன்னு சொல்லுங்க அண்ணி" என்றேன்.

அவன் காதருகே அவர் சத்தமாகச் சொல்வது எனக்குக் கேட்டது. ஆக்ஸிஜன் மெஷினின் இரைச்சலுக்கு நடுவே அவன் ஏதோ முனகினான். மறுபடி அண்ணி பேசினார்.

"அப்ப ஆத்துக்குக் கிளம்பி வரச் சொல்றாரு, தம்பி."