ரோஸ்லின் மாற்றி எழுதிய விளம்பரம்

திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி போகும் சாலையோரம் ரோஸ்லினின் கடை. கணவன் ஆல்பின் சிங்கப்பூர் போனபின் அவனுடைய கேபிள் தொழிலை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கேபிள் டிவிக்கு ஆள் குறையவே, ஒரு கம்பெனியின் இன்டர்நெட் ஏஜென்சியும் எடுத்தாள்.

ஐப்பசியில் கம்பெனிக்காரர்கள் ஊரெங்கும் தட்டி கட்டிவிட்டுப் போனார்கள். 'உங்கள் ஊரில் 100 எம்பி வேகம்' என்று கொட்டை எழுத்து. நூறுக்குப் பக்கத்தில் 'வரை' என்ற சொல் எறும்பு போல ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளே வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து சாவித்திரி வந்தாள். அவள் மகன் பிரபு கப்பலில் வேலை. மருமகள் ஜெயபாரதி சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள், முழுகாமல் இருந்தாள். தாய்வீடு இல்லாத பெண்.

"நல்ல லைன் இருந்தா இங்க இருந்தே வேலை பாக்குறேங்குது புள்ள. இன்னைக்கே போட்டுக் குடு, ரோஸ்லின்."

"பெரியம்மா, ஃபைபர் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்னுடுச்சு. உங்க தெருவுக்கு மாடியில டிஷ் வச்சு, கம்பியில்லாமத்தான் குடுக்கணும். மழை வந்தா விட்டு விட்டு வரும். ஆபீஸ் வேலைக்கு ஆகாது."

சாவித்திரியின் முகம் சுண்டிப்போனது. "ஊருக்கே இருக்குன்னு எழுதிப் போட்டுட்டு எங்க தெருவுக்கு மட்டும் இல்லேங்கறியா? நாங்க என்ன எளப்பமா?"

அந்தச் சொல் ரோஸ்லினைத் தைத்தது. அவளே கண்ணால் பார்க்கட்டும் என்று சாயங்காலமே ஒரு டிஷ்ஷை எடுத்துப்போய்ச் சாவித்திரி வீட்டு மாடியில் கட்டினாள். ஜெயபாரதியை வீடியோவில் கூப்பிட்டார்கள். தூறல் விழுந்ததும் அவள் முகம் திறந்த வாயோடு உறைந்துபோனது. "அத்தை... கேக்கு..." என்றதோடு சரி.

சாவித்திரியின் கணவர் துரைராசு போனைக் கீழே வைத்தார். "உள்ளதத்தான சொல்லியிருக்கு ரோஸ்லின்" என்றார்.

ரோஸ்லின் தன் கடை வாசல் தட்டிக்கு வெள்ளையடித்து எழுதினாள்: 'வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நல்ல வேகம். அந்தப் பக்கம் மழையில் நின்றுவிடும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.'

ஏரியா மேனேஜர் தமிழரசன் பைக்கில் பறந்து வந்தார்.

"மேடம், 'வரை'ன்னு போட்டிருக்கோம்ல? சட்டப்படி ஒரு தப்பும் இல்ல."

"இருக்கலாம் சார். அத நம்பி ஒரு பொண்ணு பொட்டியக் கட்டிட்டு வந்து நின்னா, அவ முகத்துல நான்ல முழிக்கணும்?"

"போர்டை எடுங்க. இல்லன்னா ஏஜென்சி போயிரும்."

அவள் எடுக்கவில்லை. பழைய இணைப்புகளைப் பழுதுபார்க்கும் வேலையை மட்டும் அவளிடம் விட்டுவிட்டு, புது இணைப்பு கொடுக்கும் உரிமையை அடுத்த ஊர்க்காரருக்கு மாற்றினார்கள். அவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வீடு தவறாமல் டிஷ் கட்டினார். கார்த்திகை மழையில் எல்லாம் படுத்துவிட்டன. ஜனங்கள் பழக்கதோஷத்தில் ரோஸ்லினிடமே வந்து திட்டினார்கள். அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

தை மாதம் ஜெயபாரதி வந்தே விட்டாள். கடையின் பின்னறையை ரோஸ்லின் ஒழித்துக் கொடுத்திருந்தாள். ஃபைபர் லைன் இருந்ததால் பகலெல்லாம் ஜெயபாரதி அங்கே உட்கார்ந்து வேலை பார்த்தாள். சாவித்திரி மதியச் சாப்பாடு கொண்டுவருவாள். தூக்குவாளியில் ரோஸ்லினுக்கும் சேர்த்தே குழம்பு இருக்கும்.

புகார் குவிந்ததில், பங்குனிக் கடைசியில் கம்பெனி வாய்க்கால் பாலத்து வழியாக ஃபைபர் இழுத்தது. எந்தக் கம்பம் யார் கொல்லையில் நிற்கிறது என்று தெரிந்தவள் என்பதால் ரோஸ்லினையே கூப்பிட்டார்கள். ஏஜென்சியை மட்டும் திருப்பித் தரவில்லை.

ஜெயபாரதி அதற்குள் பிரசவ லீவில் போய்விட்டாள். அந்தத் தெருவுக்கு லைன் வந்த வாரம், துறைமுகத்தில் நின்ற கப்பலிலிருந்து பிரபு தன் மகளை வீடியோவில் முதன்முதலாகப் பார்த்தான். வெளியே கோடைமழை கொட்டிக்கொண்டிருந்தது.

"கொட்டாவி விடுது பாரும்மா!" என்று அவன் கத்தியது அடுப்படி வரை கேட்டது.