கடல் புகுந்த கார்

என் அப்பாவுக்கு உப்பைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை என்று மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனிதர் கடல் தண்ணீரில் ஊறிய காரைப் போய் வாங்கினார் என்றால் நம்ப முடிகிறதா? வாங்கினார். சுனாமிக்கு அடுத்த வருடம், பளபளவென்று பாலிஷ் போட்டு நின்ற காரைப் பார்த்து மயங்கி வாங்கினார்.

கடற்கரைச் சாலையில் ஓட்டல் வைத்திருந்த ஒருவரின் வெளிநாட்டுக் கார் அது. அலை சீட்டு வரைக்கும் ஏறி இறங்கியிருந்தது. புதிதாக ஒரு சின்னக் கார் என்ன விலையோ அதே விலைக்குத் தருவதாக அவர் சொன்னார். அப்பா உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். மொபெட்டில் போய் நிற்கும் தன்னை வெளியூர் வியாபாரிகள் மதிப்பதே இல்லை என்ற குறை அவருக்கு நெடுநாளாக உண்டு. கார் வந்த அன்று எங்களைக் கூனிமேடு வரைக்கும் ஏற்றிப் போய்த் திரும்பினார். அம்மா வழி நெடுகச் சீட்டைத் தடவிக்கொண்டே வந்தாள். அந்தக் காரில் நான் பயமில்லாமல் உட்கார்ந்தது அந்த ஒரு நாள்தான்.

சில வாரத்திலேயே ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. திண்டிவனத்தில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்தார். எதையும் தொடாமல் மெதுவாக மூடினார்.

"இது நம்மால ஆவாதுங்க. சென்னைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."

துக்கம் விசாரிக்கிற குரலில்தான் சொன்னார்.

சென்னையில் அந்தக் கார் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்புக்கு நாங்கள் எல்லோரும் போனோம். தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். அந்தக் காபியையும் சேர்த்துத்தான் பில் போட்டிருப்பான்கள் என்று அம்மா பிற்பாடு சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். என்ன கோளாறு என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதற்கே ஒரு தொகை. பார்த்த பிறகு சரிசெய்ய வேறொரு தொகை. அப்பா மனதுக்குள் எதையோ கணக்குப் போட்டுவிட்டு, "ரெண்டு லோடு" என்றார். இரண்டு லாரி உப்பு விற்றால் கையில் நிற்கிற காசு என்று அர்த்தம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லா விலையும் லோடுதான். முன்விளக்கு மூன்று லோடு. கதவுக் கண்ணாடி நான்கு. இரண்டாவது சாவி ஒன்று வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். அதன் விலையைக் கேட்டதும் அப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

மூன்றாவது முறை போனபோது அங்கிருந்த ஆள் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு ஒயர் முனையைக் கழற்றி அப்பாவிடம் காட்டினார். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது. அப்பா அதை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். உப்பைக் கண்டால் நாக்கில் வைத்துப் பார்ப்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் அன்று அவர் முகம் போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இது வண்டி பூரா இருக்கும் சார். ஒயரிங் மொத்தமா மாத்தணும்," என்றார் அந்த ஆள். அதற்கு ஆகும் செலவில் இன்னொரு கார் வாங்கலாம். அப்பா மாற்றவில்லை. விற்கவும் அவருக்கு மனம் வரவில்லை. ஊரே பார்க்க வாங்கிய வண்டியை எந்த முகத்தோடு விற்பது?

அதன் பிறகு அந்தக் கார் தன் இஷ்டத்துக்கு நடக்கத் தொடங்கியது. ஆளில்லாமல் வைப்பர் ஆடும். நிறுத்தி வைத்திருக்கும்போது நான்கு கதவும் ஒரே சமயத்தில் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அப்பா ஓட்டும்போது ரோட்டைப் பார்த்ததைவிட ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரியும் விளக்குகளைப் பார்த்ததுதான் அதிகம். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை ஜன்னல் பட்டனை அமுக்கி, கண்ணாடி பாதியில் சிக்கி, ஒரு லோடு போனது. அப்பா என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அடுத்த வருடம் கோடை விடுமுறையில் ஒரு நாள் அப்பா என்னையும் அளத்துக்கு அழைத்துப் போனார். அங்கே லாரியில் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. உப்பில் ஈரம் அதிகம் என்று சொல்லித் தரகர் விலையைக் குறைத்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டதும் அப்பா காரைக் கரைமேல் நிறுத்திவிட்டு, "இங்கயே இரு பாப்பா, இதோ வந்துர்றேன்," என்று இறங்கினார். அவ்வளவு அவசரத்திலும் கதவை மெல்லத்தான் சாத்தினார். அடித்துச் சாத்தினால் பூட்டு போய்விடும். சாவியை மட்டும் வண்டியிலேயே விட்டுவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் டக்கென்று சத்தம் கேட்டது.

எல்லாக் கண்ணாடியும் மேலே ஏறியிருந்தது. வெளியே பாத்தி பாத்தியாக வெள்ளை, அதன்மேல் வெயில், கண் கூசியது. நான் கைப்பிடியை ஒரு முறை மெல்ல இழுத்தேன். கதவு வரவில்லை. இன்னும் பலமாக இழுத்திருக்கலாம். கைப்பிடி கையோடு வந்துவிட்டால்? ஹாரனை அமுக்கியிருக்கலாம். அமுக்கி, அது நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால்? கண்ணாடியைக் காலால் உதைப்பது என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. நான்கு லோடை யாராவது உதைப்பார்களா? வேர்வை கண்ணில் இறங்கியது. மூச்சு சூடாக இருந்தது. தூரத்தில் அப்பாவின் முதுகு தெரிந்தது. திரும்பிவிட வேண்டும், திரும்பிவிட வேண்டும் என்று அந்த முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கை தொடைக்கு அடியில்தான் இருந்தது. செத்துப்போய்விடுவேன் என்று பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் எதையாவது உடைத்துவிடுவேனோ என்பது.

உப்புக் கூடையோடு கரையில் வந்த ஒரு பெண்தான் என்னைப் பார்த்தாள். எங்கள் அளத்தில் உப்பு சுமக்கிறவள். கூடையை அப்படியே போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தட்டினாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் போட்ட கூச்சலில் அப்பா ஓடிவந்தார். நான்கு கதவையும் இழுத்துப் பார்த்தார். சட்டைப் பையைத் தடவினார். பிறகு செல்போனை எடுத்துச் சென்னைக்குப் போட்டார்.

"சார், பொண்ணு உள்ள மாட்டிக்கிச்சி சார். கண்ணாடி ஒடைக்காம தொறக்க எதுனா வழி இருக்குதா சார்?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. எனக்கு அதில் கோபம் வரவில்லை. சரியாகத்தான் கேட்கிறார் என்று தோன்றியது.

"இன்னாங்க ஐயா போனு? புள்ள உள்ள வேவுது!" என்று கத்தினாள் அந்தப் பெண். வரப்பில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததற்கு எதிர்ப்பக்கக் கதவுக்கு ஓடினாள்.

"இரும்மா, ஒரு நிமிசம் இரு, கேட்டுனு இருக்கேன் இல்ல?" என்று அப்பா கையை நீட்டித் தடுத்தார்.

அவள் காதில் வாங்கவில்லை. முதல் அடி வழுக்கியது. அடுத்த அடியில் கண்ணாடி கல்லுப்பாகக் கொட்டியது. கடல் காற்று முகத்தில் அடித்தது. அப்பாவின் கண் முதலில் கொட்டிய கண்ணாடிமேல்தான் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. என் கண்ணும் அங்கேதான் போனது.

"நான் எதையும் தொடலப்பா," என்றேன்.

அப்பா அப்படியே நின்றார். கையிலிருந்த போனில் யாரோ "சார்? சார்?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண் என்னை ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரைத் தலையில் ஊற்றினாள். அப்பா என்னை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினார். நான் அவளை விடவில்லை.

வெகு நேரம் கழித்துத்தான் வீட்டுக்குக் கிளம்பினோம். வழியில் அப்பா ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினார். விளக்குகளை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. கார் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த அம்மா, கண்ணாடியில்லாத கதவைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயையோ, இன்னாங்க இது? இதுக்கு எவ்ளோ கேப்பான்?"

அப்பா ஸ்டியரிங்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பொண்ணு உள்ள இருந்தாடி," என்றார்.

அதற்குப் பிறகுதான் அம்மா என்னைப் பார்த்தாள்.